கூலிங் கிளாஸ் வழியாக ஓர் ஏரி

நடந்தவை, வரிசையாக:

1. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி, பத்தரைக்குச் செஞ்சியில் இறங்கினேன்.
2. செஞ்சியைத் தாண்டி ஓர் ஏரிக்கரையில், நான் கொண்டுபோயிருந்த போலரைசிங் ஃபில்டர் வெறும் கறுப்புக் கண்ணாடி என்று தெரிந்தது.
3. லென்ஸின் மேலிருந்த பாதுகாப்பு ஃபில்டர் கழன்று வர மறுத்தது. காரணம் சந்தனம்.
4. ரப்பர் செருப்பால் அதைக் கழற்றினேன்.
5. செஞ்சி பஸ் நிலையத்தில் ஒரு கூலிங் கிளாஸ் வாங்கினேன்.
6. அதன் வழியாக எடுத்த படம் திங்கட்கிழமை மனுவோடு கலெக்டர் அலுவலகத்துக்குப் போனது.

இந்த வரிசையில் செஞ்சிக் கோட்டை இல்லை. அதன் குன்றுகளான ராஜகிரியையும் கிருஷ்ணகிரியையும் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். யாரோ கூடை கூடையாகக் கொட்டிவிட்டுப் போனதுபோலப் பாறைகள், உச்சியில் மதில். படம் எடுக்கத் தோன்றவில்லை. வந்த வேலை வேறு.

தேன்மொழியும் நானும் சென்னையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறோம். அவள் ஊர், செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை சாலையில் போய் உள்ளே திரும்பினால் வரும். அவள் அப்பா கோதண்டத்தை வீட்டில் நைனா என்பார்கள். ஏரிப் பாசனத்தில் கடைசி வயல் அவருடையது. போன கோடையில் மதகை ஒட்டி உள்கரைக்குக் கல் பதிக்கும் வேலை நடந்தது. ஒப்பந்தக்காரர் மேல்பாதிக்கு மட்டும் கல் பதித்துவிட்டு மழைக்காகக் காத்திருந்தார். மழை வந்தது, ஏரி நிரம்பியது, கல் இல்லாத கீழ்ப்பாதி தண்ணீருக்குள் போனது. வேலை முடிந்ததாக எழுதியாயிற்று. இப்போது அந்த இடத்தில் மண் அரித்து, மதகின் பக்கவாட்டில் தண்ணீர் இரவும் பகலும் கசிகிறது. இப்படியே போனால் நவரைப் பருவத்து நெல்லில் கதிர் வருமுன் நைனாவின் வயலுக்குத் தண்ணீர் நின்றுவிடும்.

போன மாதம் செல்போனில் படமெடுத்து மனு கொடுத்திருக்கிறார். வாங்கிய அலுவலர் படத்தைப் பார்த்துவிட்டு, "இதுல வானந்தான்யா இருக்குது. மேகங்கூட நல்லா வுழுந்துருக்குது" என்று சிரித்தாராம். தண்ணீருக்குள் இறங்கிக் காலால் தடவிப் பார்த்தவர்கள் ஊரில் பலர் உண்டு. கால் சொல்லும் சாட்சி செல்லாதாம். திங்கட்கிழமை அடுத்த மனுநாள். அதற்குள் தண்ணீருக்கு அடியிலிருப்பது தெரியும்படி ஒரு படம் வேண்டும்.

தண்ணீரின் மேல் மினுங்கும் வெளிச்சத்தை வெட்டுவதற்கென்றே இருப்பது போலரைசிங் ஃபில்டர். லென்ஸின் முன் மாட்டி மெதுவாகச் சுழற்றினால் ஒரு கோணத்தில் பளபளப்பு அணைந்து, தெளிந்த தண்ணீரென்றால் அடித்தரை தெரியும். நேர் மேலிருந்து பார்த்தால் பலனில்லை. கரையில் நின்று சாய்வாகப் பார்க்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆகவே சென்னையில் ஒரு கடையில் அந்த ஃபில்டரை வாங்கிக்கொண்டு வந்திருந்தேன்.

பதினொன்றரைக்கு நைனாவும் தேன்மொழியும் நானும் கரையில் நின்றோம். சுழற்றினேன். தண்ணீரில் வானம் அப்படியே இருந்தது. இன்னும் சுழற்றினேன். மேகம் கொஞ்சம் கறுத்ததே தவிர நகரவில்லை.

"இன்னாம்மா, தெரியுதா?" என்றார் நைனா.

சந்தேகம் வந்து ஃபில்டரைக் கழற்றி, என் போன் திரைக்கு முன் பிடித்துத் திருப்பினேன். உண்மையான போலரைசிங் ஃபில்டர் என்றால் ஏதாவது ஒரு கோணத்தில் திரை இருண்டுபோகும். முன்புறம் பின்புறம் மாற்றியும் பார்த்தேன். எல்லாக் கோணத்திலும் ஒரே மங்கல். விளிம்பில் பொன்னெழுத்தில் பெயர், பெட்டியில் ஹாலோகிராம், உள்ளே பஞ்சணை. எல்லாம் இருந்தது, போலரைசிங் மட்டும் இல்லை. ஒரு தராசில் எடை காட்டாமல் எண் மட்டும் அச்சடித்து விற்றால் அதற்குச் சட்டம் உண்டு. இதற்கு யாரிடம் போவது?

கோபம் அதோடு நிற்கவில்லை. லென்ஸை வாங்கிய அன்று, நான் கேட்காமலே அதே கடைக்காரர் ஒரு பாதுகாப்பு ஃபில்டரைத் திருகினார். போன் வாங்கினால் கேட்காமலே திரைக்குக் கண்ணாடி ஒட்டுவார்களே, அதைப்போல. கூடவே, "பொட்டு வெச்சாதான் மேடம் ராசி" என்று ஈரச் சந்தனத்தைக் கட்டைவிரலால் லென்ஸ் விளிம்பில் அப்பினார். சந்தனம் திருகு மரைக்குள் இறங்கிக் காய்ந்து ஃபில்டரை ஒட்டிவிட்டது. அந்த மலிவுக் கண்ணாடியோ எதிர்வெயிலில் படத்தின் நடுவே வெண்புகைபோல ஒரு படலத்தைக் கொண்டுவந்து வைத்தது. லென்ஸைக் காப்பதற்காக மாட்டியது படத்தைக் கெடுத்தது.

கரையில் ஒரு பைக் வந்து நின்றது. ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி. "இன்னா பாப்பா, ரீல்ஸா? மதகுகிட்ட நின்னு ஆடு, லைக்கு பிச்சிக்கும்" என்றார்.

நைனா திரும்பிப் பார்க்கவே இல்லை. "நீ போட்ட கல்லைத்தான் தேடுது பொண்ணு. எங்க வெச்சன்னு நீயே வந்து காட்டேன்" என்றார்.

"தண்ணிக்குள்ள இருக்குது பெரியவரே. எறங்கிப் பாத்துக்கோ."

பைக் போய்விட்டது. எனக்குக் காது சுட்டது. கரையிலேயே உட்கார்ந்து கேமராவை மடியில் வைத்துக்கொண்டேன். இறுகிய ஃபில்டரை விரல்களால் இறுக்கிப் பிடித்தால் வட்டம் நசுங்கி இன்னும் இறுகும். முகப்பு முழுவதிலும் ஒரே சீராக அழுத்தம் விழ வேண்டும். தேன்மொழியின் ரப்பர் செருப்பை வாங்கி, அடிப்பக்கத்தைக் கழுவித் துடைத்து, ஃபில்டரின் மேல் தட்டையாக வைத்து லேசாக அழுத்தித் திருப்பினேன். கர்ரென்று சந்தனப் பொடி உதிர, கழன்றது.

"கேமராவைச் செருப்பால அடிக்கிறியேடி!" என்றாள் தேன்மொழி.

"கடைக்காரனை நினைச்சுக்கிட்டேன்" என்றேன்.

லென்ஸ் சுத்தமாயிற்று. போலரைசருக்கு என்ன செய்வது? சென்னைக்குப் போய்த் திரும்ப நேரமில்லை. நைனாவின் வண்டியில் செஞ்சி பஸ் நிலையத்துக்கு வந்தோம். வாசலில் குடையும் பெல்ட்டும் கூலிங் கிளாஸும் தொங்கும் ஒரு தள்ளுவண்டி. கண்ணாடிகளில் பாதிக்கு மேல் போலரைஸ்டு என்று ஸ்டிக்கர். நான் ஒவ்வொன்றாக எடுத்து என் போன் திரைக்கு முன் திருப்பத் தொடங்கினேன்.

வண்டிக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "யக்கா, கண்ணுல போட்டுப் பாப்பாங்க. நீ இன்னா போனுக்குப் போட்டுப் பாக்கற?"

"ஸ்டிக்கர்ல இருக்கறது உள்ள இருக்கான்னு பாக்கறேன்."

"ஸ்டிக்கரு நான் ஒட்டலக்கா. அப்பிடியேதான் வருது."

"இதுவரைக்கும் ஒண்ணுகூட இல்லைங்க."

"அதுக்கு இன்னா டென்ஷன்? வெயிலு மறைக்குதுல்ல!"

அந்தப் பதில்தான் என்னை உண்மையில் கொதிக்க வைத்தது. எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். மேல்பாதியில் கல் இருக்கிறதல்லவா? கண்ணாடி கறுப்பாக இருக்கிறதல்லவா? போதாதா?

கடைசி வரிசையில், ஸ்டிக்கரே இல்லாத பழுப்புக் கண்ணாடி ஒன்றைத் திருப்பியபோது போன் திரை சட்டென்று இருண்டது. விலை 150 ரூபாய். பேரம் பேசவில்லை. வண்டிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "யோவ், கரென்ட் போன மாதிரி ஆயிடுச்சுய்யா!" என்று பக்கத்து இளநீர்க்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். நாங்கள் கிளம்பும்போது இருவரும் மிச்சக் கண்ணாடிகளை வண்டிக்காரரின் போனில் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்று மணிக்கு மறுபடி ஏரி. கூலிங் கிளாஸின் ஒரு கண்ணை லென்ஸின் முன் சேர்த்துப் பிடித்து, மெல்லச் சாய்த்தேன். ஒரு கோணத்தில் மேகம் அணைந்தது. முதலில் பாசி, பிறகு கல்லின் கடைசி வரிசை, அதன் கீழே கல்லே இல்லாத மண்சரிவு. மதகின் பக்கத்தில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் குழி. மண் அங்கே மெல்லக் கரைந்து நகர்வதுகூடத் தெரிந்தது. பழுப்பு நிறம் ஏறியிருந்தது, ஓரங்கள் மங்கல். நடுவில் எல்லாம் துல்லியம்.

நைனாவிடம் திரையைக் காட்டினேன். "ரெண்டு மாசமா கால்ல பாத்தது" என்றார். பிறகு கண்ணாடியை வாங்கித் தன் செல்போன் கேமராவின் முன் பிடித்து, நான் செய்ததுபோலவே சாய்த்தார். அதிலும் தெரிந்தது. என் லென்ஸும் நானும் சென்னையிலிருந்து வந்திருக்கவே வேண்டாம்.

புறப்படும்போது கண்ணாடியை அவரிடமே விட்டுவந்தேன். வாங்கப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது இவ்வளவுதான்: போலரைசிங் ஃபில்டரைக் கடையிலேயே போன் திரைக்கு முன் சுழற்றிப் பாருங்கள், திரை இருளாவிட்டால் அங்கேயே வைத்துவிடுங்கள். பாதுகாப்பு ஃபில்டர் புழுதிக்கும் கடல்காற்றுக்கும் மட்டும் போதும், எதிர்வெயிலில் கழற்றிவிடுங்கள். பொட்டைப் பெட்டிக்கு வையுங்கள்.

இன்றைய நிலை: படத்தை அலுவலர் வாங்கிக்கொண்டார். இந்த முறை சிரிக்கவில்லை. நேரில் பார்க்க வருவதாகச் சொன்னவர் இன்னும் வரவில்லை. கடைக்காரர் ஃபில்டரைத் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். நைனா வாரம் ஒருமுறை கண்ணாடியைப் பிடித்துப் படமெடுத்துத் தேன்மொழிக்கு அனுப்புகிறார். ஒவ்வொரு படத்திலும் குழி கொஞ்சம் பெரிதாகவும் தண்ணீர் கொஞ்சம் கீழேயும் இருக்கிறது. இன்னும் சில வாரங்களில் எந்தக் கண்ணாடியும் இல்லாமலே அந்த இடம் எல்லார் கண்ணுக்கும் தெரியும். அப்போது கடைசி வயலுக்குப் பாய ஏரியில் தண்ணீர் இருக்காது.