விஜயகுமாரி நகரவைத்த ஷூ

விஜயகுமாரியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் சொல்கிறவன் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். என் பெயர் ஜியாவுதீன். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. தோல் ஷெட்டில் ஈரத்தோல் தூக்கினேன், பிறகு தையல் மெஷினில் உட்கார்ந்தேன், இன்று ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் என் பெயரில் ஒரு யூனிட் நிற்கிறது. ஷூவின் மேல்பாகத்தை அப்பர் என்போம். அதை வெட்டித் தைத்துக் கொடுப்பது எங்கள் தொழில். என்னை யாரும் கைதூக்கி விடவில்லை. அதனால் யாரையும் சுலபத்தில் நம்புவதும் கிடையாது. நம்பிக் கெட்டவர்கள் எங்கள் ரோட்டில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள்.

விஜயகுமாரி பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமத்துக்காரி. ப்ளஸ் டூ வரை படித்தவள். புருஷன் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். கல்யாணமான புதிதில் என்னிடம் வேலைக்குச் சேர்ந்தாள். ஸ்கைவிங் மெஷின் கொடுத்தேன். தோலின் ஓரத்தைச் சீவி மெலிதாக்கும் மெஷின் அது. ஓரம் தடிமனாக இருந்தால் மடிக்கும் இடத்தில் மேடு தட்டும், போடுகிறவன் காலைக் கடிக்கும். அவள் சீவிய துண்டில் மேடு தட்டியதாக எனக்கு நினைவில்லை. ஆனால் வாய் மட்டும் சீவாத ஓரம். யூனிட்டில் கொடுக்கும் டீயைக் குடிக்கமாட்டாள். "தோல் ஊறவெச்ச தண்ணி" என்பாள், நான் நிற்கும்போதே. வீட்டிலிருந்து கேழ்வரகுக் கூழ் கொண்டுவந்து, கேட்கிறவர்களுக்கும் ஊற்றுவாள்.

போன வருஷம் அவள் வலது கையில் இரண்டு விரல்கள் மரத்துப்போயின. மெஷின் அதிர்வு. வேலூர் பாகாயத்தில் பெரிய டாக்டரைப் பார்த்துவிட்டு நேராக என் ஆபீஸுக்கு வந்தாள்.

"முதலாளி, சாம்பிள் ரூம்ல அந்தக் கம்ப்யூட்டர் சேர் காலியாத்தானே இருக்குது?"

"இருக்குது. அதுக்கு இன்னா இப்போ?"

"நான் உக்கார்றேன். இனிமே மெஷின் தொடக்கூடாதுன்னுட்டாங்க."

"கம்ப்யூட்டரப் பத்தி உனக்கு இன்னாம்மா தெரியும்?"

"அப்பர் எப்டி சேருதுன்னு தெரியும். படத்த நவுத்தறதுக்குப் போன்ல பாடம் பாத்துக்கினு வர்றேன், பஸ்ஸுல. உமர் ஃபாரூக் சார் கேட்டாராமே ஒரு படம்?"

எனக்குச் சுருக்கென்றது. உமர் ஃபாரூக் சென்னையில் பெரியமேட்டில் இருக்கும் ஏஜெண்ட். வெளிநாட்டுப் பார்ட்டிகளை எங்களுக்குச் சேர்த்துவிடுகிறவர். "இப்பல்லாம் பார்ட்டி ப்ளைட் ஏறி வர்றதில்ல பாய். போன்லயே பாக்கறான். உங்க ஷூ பீஸ் பீஸாப் பறந்து வந்து சேர்ற மாதிரி ஒரு படம் குடுங்க" என்று அவர் என் ஆபீஸில், கதவைச் சாத்திக்கொண்டு சொன்னது. அது இவள் காதுக்கு எப்படிப் போனது? இன்றுவரை தெரியாது.

படம் வேண்டியது ஒரு பெண்கள் ஷூவுக்கு. அதில் குதிகாலுக்குப் பின்னால் தையலே கிடையாது. தோலை உள்பக்கமாக ஒரு விதமாக மடித்து, லைனிங்குக்குள் முடிந்துபோகும்படி நான் கண்டுபிடித்த மடிப்பு. படித்த டிசைனர்கள் மூன்று பேர் முடியாது என்றார்கள். நான் செய்து காட்டினேன். ஷூவைப் பிரித்துக் காட்டுகிற படம் என்றால் அந்த மடிப்பையும் பிரித்துக் காட்டுகிற படம்தானே? அதைப் பார்த்தால் எவனும் செய்துவிடுவான்.

ஆனாலும் பார்ட்டி வேண்டும். விஜயாவிடம் தெளிவாகச் சொன்னேன். படம் பார்ட்டிக்குப் பிடித்தால் அந்தச் சேர் அவளுக்கு. பிடிக்காவிட்டால் கணக்கு முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான், மரத்த விரலுக்கு என் யூனிட்டில் வேறு வேலை கிடையாது. "சரி முதலாளி" என்றாள்.

சாம்பிள் ரூம் கம்ப்யூட்டரில் நெட்டைப் பிடுங்கினேன். பென்டிரைவ் சொருகும் ஓட்டைகளில் நானே டேப் ஒட்டினேன். அவள் போன், எல்லார் போனையும் போல, கேட்டில் இருக்கும் மரப்பெட்டிக்குள் போனது. அப்புறமும் அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

உட்கார்ந்ததில் எனக்கும் கொஞ்சம் பிடிபட்டது. திரையின் அடியில் காலக்கோடு ஒன்று ஓடும். ஷூவின் துண்டு ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு வரி. துண்டை ஓர் இடத்தில் வைத்து ஒரு புள்ளி குத்த வேண்டும். கோட்டில் தள்ளிப்போய், துண்டை வேறு இடத்துக்கு இழுத்து இன்னொரு புள்ளி. ஓடவிட்டால் துண்டு முதல் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்குத் தானாக நகரும். புள்ளிக்குக் கம்ப்யூட்டரில் பெயர் கீ.

முதல் படம் ஓடியபோது துண்டுகள் வெட்டுக்கிளி மாதிரி வந்தன. தத்தும், நிற்கும், தத்தும்.

"புள்ளி கம்மியா இருக்குது. நெருக்கிக் குத்து" என்றேன். தையலில் அதுதானே கணக்கு? இஞ்சுக்குத் தையல் கூடக்கூட வேலை சுத்தம். அவளும் தையல் யூனிட்டில் வளர்ந்தவள், "அதான் நானும் நெனச்சேன்" என்று குத்தினாள். ஒவ்வொரு வரியிலும் புள்ளிகள் நூல் ஓட்டிய மாதிரி நெருங்கி நின்றன. ஓடவிட்டால் முன்பு தத்தியது இப்போது குளிர்க்காய்ச்சல் வந்த மாதிரி நடுங்கியது. இன்னும் நெருக்கினாள். இன்னும் நடுங்கியது.

அங்கேதான் எனக்குச் சந்தேகம் விழுந்தது. இவ்வளவு கைத்திறமை உள்ளவள், செய்யச் செய்ய வேலை கெடுகிறது என்றால், அது தெரியாமல் கெடுகிறதா, தெரிந்தே கெடுக்கிறாளா?

சரியாக அந்த வாரம் சூப்பர்வைசர் ஹெலன் ஆபீஸுக்குள் வந்து கதவை ஒருக்களித்தாள்.

"முதலாளி, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. விஜயா பஸ் ஸ்டாண்டுல முஸம்மில் பாயோட பேசிக்கினு இருந்தா."

"எவ்ளோ நேரம்?"

"பஸ்ஸ உட்டுட்டு அடுத்த பஸ்ஸுக்கு நின்னா, பாத்துக்கோங்க. கூழ் ஒண்ணுதான் ஊத்தல."

முஸம்மில் எங்கள் ரோட்டிலேயே தள்ளி யூனிட் வைத்திருக்கிறவர். முகத்தைப் பார்த்து சலாம் சொல்வார், கண் நம் காலில் இருக்கும் ஷூவை அளந்துகொண்டிருக்கும். என் மடிப்பு அவருக்குக் கிடைத்தால் எனக்கு முன்னால் பார்ட்டிக்கு அனுப்பிவிடுவார். விஜயாவிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவாள். ஸ்டூலை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டேன்.

"முதலாளி, உங்க மூச்சு என் காதுல படுது" என்றாள்.

"பட்டா இன்னா, வேலையப் பாரு."

உமர் ஃபாரூக் வரும் நாள் வந்தது. முந்தின நாள் நான் வேலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டேன், அவள் பக்கத்தில் இருக்க முடியவில்லை. காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். காலக்கோட்டைப் பார்த்தேன்.

புள்ளிகளைக் காணோம். நூல் ஓட்டிய மாதிரி இருந்த வரிகள் எல்லாம் மொட்டையாகக் கிடந்தன. வரிக்கு இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று, அவ்வளவுதான். வாரக்கணக்கில் குத்தியதெல்லாம் போச்சு. டேப் ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. ஆனால் டேப்பை எடுத்துத் திரும்ப ஒட்டத் தெரியாதா அவளுக்கு? தோல் ஒட்டுகிற இடத்தில் வேலை பார்க்கிறவள். வேலையை முஸம்மிலுக்குக் கொடுத்துவிட்டு எனக்கு வெறும் கூடு வைத்துவிட்டாள் என்று முடிவு செய்தேன்.

அவள் கேட்டில் போனைப் போட்டுவிட்டு உள்ளே வரும்போது வாசலிலேயே மறித்தேன். ஹெலன், தையல் பெண்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள்.

"எங்கம்மா புள்ளியெல்லாம்?"

"எடுத்துட்டேன்."

"எடுத்து யாருக்குக் குடுத்தே? முஸம்மிலுக்கா?"

அவள் முகம் சிவந்தது. "படத்த ஓடவுட்டுப் பாத்தீங்களா இல்லியா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"மொதல்ல ஓடவுடுங்க. அப்பறமா திட்டுங்க, நின்னு வாங்கிக்கிறேன்."

சாம்பிள் ரூமுக்குப் போய் ஓடவிட்டேன், எல்லாரும் பின்னாலேயே வந்தார்கள். ஸ்டூலில் உட்காரவில்லை, நின்றபடிதான் பார்த்தேன். நாக்குத் துண்டு மெல்லக் கிளம்பியது, நடுவில் வேகம் பிடித்தது, இடத்துக்கு வந்ததும் தணிந்து உட்கார்ந்தது. அது உட்காருவதற்குள் பக்கத் துண்டு கிளம்பிவிட்டது. கடைசியில் அடிப்பாகம் கீழிருந்து வந்து, ஒரு நூல் அளவு தாண்டிப் போய், திரும்பி வந்து பொருந்தியது. எங்கேயும் தத்தல் இல்லை, நடுக்கம் இல்லை. எண்ணெய் போட்ட மெஷின் ஓடுகிற மாதிரி.

"எப்டி?" என்றேன். குரலில் கோபம் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

"பாடத்துல மொதல்ல ஒரு பந்து குதிக்கும் முதலாளி. பந்துக்கும் ஷூவுக்கும் இன்னா இருக்குதுன்னு அத நான் பாக்கவே இல்ல, தள்ளி உட்டுட்டேன். இந்த வாரம்தான் பஸ்ல பாத்தேன். புள்ளிய நெருக்கினா ஒவ்வொண்ணுலயும் நம்ம கை கொஞ்சம் தப்பும், தப்பெல்லாம் சேந்து நடுங்குது. ரெண்டு புள்ளி போதும். நடுவுல இருக்கறத அது பாத்துக்கும்."

"அப்போ மெதுவாக் கிளம்பி மெதுவா நிக்குதே, அது?"

"ரெண்டு புள்ளிக்கு நடுவுல ஒரு கோடு இருக்குது. அது நேரா இருந்தா தள்ளுவண்டி மாதிரி ஒரே வேகத்துல வந்து முட்டும். அந்தக் கோட்ட ரெண்டு பக்கமும் வளைச்சு உட்டேன். தோல் ஓரத்துல சீவறோம் இல்ல, அதான். தொடக்கத்தயும் முடிவயும் சீவிட்டேன்."

நான் அத்தோடு விடுகிற ஆள் இல்லை. படம் அழகாக இருந்தால் ஆபத்து ஜாஸ்தி, அழகான படத்தைத்தான் நாலு பேர் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள். அம்புக்குறி பட்டனை அழுத்தி, ஒவ்வொரு பிரேமாக நகர்த்தினேன். பிரேம் என்றால் ஓடுகிற படத்தின் ஒரு நிற்கிற படம். குதிகால் துண்டு கிளம்பியது. திரும்பியது. மடியப்போகிறது. அடுத்த பட்டன். லைனிங் துண்டு குறுக்கே வந்துவிட்டது. அடுத்தது, இன்னும் லைனிங். அடுத்தது, லைனிங் விலகுகிறது, குதிகால் மடிந்து முடிந்து உட்கார்ந்திருக்கிறது. திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தேன். மடிப்பு ஒரு பிரேமில்கூட இல்லை.

"இது யார் சொல்லிச் செஞ்சே?"

"ஒண்ணு முடியறதுக்குள்ள இன்னொண்ணு கிளம்பணும்னு பாடத்துல சொன்னாங்க. அப்பதான் கண்ணு தடுக்காதாம். எத எப்பக் கிளப்பறதுன்னு நான்தானே பாக்கணும்."

இதற்கு மேல் ஒரே ஒரு கேள்விதான் பாக்கி இருந்தது.

"முஸம்மில் இன்னா கேட்டான்?"

"மடிப்பு எப்டின்னு கேட்டாரு. சொன்னா அங்க சேர் இருக்குதுன்னாரு."

ஹெலன் "பாத்தீங்களா" என்று வாயெடுத்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"நீ இன்னா சொன்னே?"

"மடிப்ப எங்க முதலாளியக் கேளுங்க, அவருக்குத்தான் பெருமையா சொல்ல வரும்னேன். சேருக்கு மட்டும், இங்க முடிவு தெரியட்டும், அப்பறம் பதில் சொல்றேன்னேன்."

"அப்போ போறதா இருக்கே."

"நீங்க வேல குடுக்கலேன்னா வீட்ல உக்காந்து விரலப் பாத்துக்கினு இருக்கச் சொல்றீங்களா?"

பெண்கள் யாரோ சிரித்தார்கள். எனக்குக் கோபம்தான். ஆனால் அவள் பஸ் ஸ்டாண்டில் பேசியதை மறைக்கவும் இல்லை, எனக்கு இனிப்பாக ஒரு பொய் சொல்லவும் இல்லை. அவளைச் சந்தேகப்பட்டது சரிதான் என்று இன்றும் சொல்வேன். முஸம்மில் கேட்டது உண்மை, சேர் காட்டியது உண்மை. நான் கவனமாக இல்லாவிட்டால் யார் இருப்பார்கள்?

உமர் ஃபாரூக் பதினோரு மணிக்கு வந்தார். டீயைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். மறுபடி பார்த்தார். பிறகு அவரும் என்னைப் போலவே நிறுத்தி நிறுத்திப் பார்க்க ஆரம்பித்தார்.

"பாய், பின்னாடி எப்டி சேருது? கண்ணுல சிக்கவே மாட்டேங்குதே."

"சிக்காது" என்றேன்.

விஜயா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். மரத்த விரல்களை இடது கையால் பிசைந்துகொண்டே இருந்தாள். டேப்பை என் கையாலேயே பிரித்து, படத்தை அவர் போனுக்கு ஏற்றிக் கொடுத்தேன். அவர் அங்கேயே பார்ட்டிக்கு அனுப்பினார். பதில் வரும்வரை பிரியாணி சொன்னேன். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை, விஜயா தட்டைத் தொடவே இல்லை.

போன் அடித்தது. உமர் ஃபாரூக் இங்கிலீஷில் பேசினார், தலையாட்டினார், பேசினார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஜோடி சாம்பிள் கேக்கறான் பாய். அந்தப் பின்பக்கத்தக் கையில எடுத்துப் பாக்கணுமாம். படம் செஞ்சது யாரு, சென்னை ஆளா?"

"என் யூனிட் ஆளு" என்றேன். என் யூனிட்டில் என்ன இல்லை?

பிறகு விஜயாவிடம் திரும்பி, "சேர் உன்னுது" என்றேன். அவள் உடனே போய் உட்காரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மூக்கை உறிஞ்சினாள், ஹெலனை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் என்னிடம் சொன்னாள்:

"முஸம்மில் பாய்க்கு வர்லேன்னு சொல்லிட்றேன். நீங்க ஸ்கைவிங்குக்கு வேற ஆளப் பாத்துக்கோங்க."

அன்று சாயங்காலமே அந்த மெஷினில் வேறு ஒருத்தியை உட்காரவைத்தேன். புதியவள் சீவுகிற ஓரம் இன்னும் கொஞ்சம் தடிமனாகத்தான் வருகிறது.