பந்தில் ஒட்டிய திருநீறு

லண்டனில் பதினொரு வருடம் காசுக்குப் பந்து வீசினேன் என்று சொன்னால் கேட்கிறவர்கள் பெரிதாக நினைத்துவிடுவார்கள். அப்படி ஒன்றுமில்லை. வார நாட்களில் பாண் சுடும் தொழிற்சாலையில் பைக்கற் கட்டுவது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு கிரிக்கெட் கிளப்புக்கு விளையாடுவது. பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும், அதற்கு மேல் கொஞ்சமும் தருவார்கள். அவ்வளவுதான்.

புதுப் பந்தை ஒருவரும் என் கையில் தந்ததில்லை. அது உயரமான, வேகமான பெடியன்களுக்கு. அவர்கள் நன்றாக அடிவாங்கி, கப்டனுக்கு வேறு வழியில்லாமல் போன பிறகுதான் என் பக்கம் கை தூக்குவார். நான் மெதுவாக வீசுகிறவன். என் பந்து நேரே வருவது போல வந்து கடைசியில் பொத்தென்று இறங்கும். நாற்பது ஓவர் விளையாட்டில் முப்பத்தைந்து ஓவர் எல்லைக்கோட்டருகே நின்று கால் விறைத்து, பிறகு ஓடிப்போய் அந்தக் கால்களாலேயே ஆட்டத்தைக் காப்பாற்ற வேண்டும். பந்து வீசி நான் களைத்ததில்லை. நின்று நின்றுதான் களைத்தேன்.

எண்பதுகளில் வெம்பிளியில் தொடங்கி ஆறு கிளப் மாறினேன். செப்ரெம்பர் வந்தால் யாராவது ஒருவர் தோளில் கை போடுவார். "அண்ணை, குறை நினைக்காதேங்கோ, அடுத்த வருஷம் ஒரு பெடியன் வாறான்." கை தோளில் விழும்போதே எனக்கு விளங்கிவிடும்.

ஆறாவது கிளப் வால்தம்ஸ்டோவில். கப்டன் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளை, என்னைவிடப் பத்து வயது இளமை. அப்போது எனக்கு முப்பத்தொன்பது. வலது தோள் இரவில் நித்திரை கொள்ள விடாது. மனைவி நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசிக்கொண்டே ஏசுவாள்.

"ஊரிலை ஆக்களுக்குச் சனியன் ராசியிலை பிடிக்கும். உங்களுக்குத் தோளிலை பிடிச்சிருக்கு. விடுங்கோவன் இதை."

"இன்னும் ஒரு வருஷம்," என்பேன்.

ஏன் அந்த ஒரு வருடம் வேண்டியிருந்தது என்று அவளுக்கு நான் சொல்லவில்லை. பந்து இல்லாவிட்டால் நான் பாண் கட்டுகிறவன் மட்டும்தான். ஞாயிறில் ஒரு மனிதன் கை தூக்கி "அண்ணை, வாங்கோ" என்று கூப்பிடுவதற்காகத்தான் மற்ற ஆறு நாளும் ஓடின.

அந்த வருடக் கடைசி ஆட்டத்துக்கு முன் கப்டன் வெளிப்படையாகச் சொன்னார். "இண்டைக்கு வெண்டால் கொமிற்றி உங்களை வைச்சிருக்கும். தோத்தால் நான் வாய் திறக்க ஏலாது அண்ணை."

வழக்கம்போல அன்றும் விடிய விம்பிள்டன் கோயிலுக்குப் போய்விட்டு, பாதாள ரயிலில் லண்டனைக் குறுக்கறுத்து வந்திருந்தேன். நெற்றியிலும் கையிலும் திருநீறு. ஐயர் தந்த மிச்சம் கடதாசியில் மடித்துக் காற்சட்டைப் பையில். ஒவ்வொரு பந்துக்கும் முன் பைக்குள் விரல் விட்டுத் தொட்டு, நெற்றியில் வைத்து, "பிள்ளையாரே" என்று சொல்லிவிட்டுத்தான் ஓடுவேன். எல்லாக் கிளப்பிலும் அப்படித்தான். அதில் ஒரு பிழை இருக்கும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

முப்பத்தாறாவது ஓவரில் கப்டன் கூப்பிட்டார். மூன்றாவது பந்திலேயே, அதுவரை விளாசிக்கொண்டிருந்தவனின் விக்கெட் போனது. அவன் வெளியே போகவில்லை. பந்தைப் பார்க்க வேண்டும் என்று அம்பயரிடம் கேட்டான். சிவப்புப் பந்தின் ஒரு பக்கம் வெள்ளையாக இருந்தது.

அம்பயர் வயதான வெள்ளைக்காரர். பையில் என்ன என்றார். கடதாசியை விரித்துக் காட்டினேன்.

"என்ன இது?"

"சாம்பல். கும்பிடுகிற சாம்பல்."

அவர் முகம் மாறியது. தொப்பியைக் கழற்றினார். "உங்கள் தகப்பனாருடையதா?"

இல்லை, மாட்டுச் சாணத்தைச் சுட்டு எடுப்பது என்று அந்த இடத்தில் எப்படி விளக்குவது? பந்தில் எதையும் பூசக்கூடாது, தெரியாமல் செய்ததால் விக்கெட்டை மட்டும் மறுத்து, பந்தை மாற்றுகிறேன், அந்தச் சாம்பலை என்னிடம் தந்துவிட்டு வீசுங்கள் என்றார் அம்பயர். கப்டன் ஓடி வந்தார்.

"குடுத்திட்டுப் போடுங்கோ அண்ணை. பிள்ளையார் கோவிக்க மாட்டார். கொமிற்றிதான் கோவிக்கும்."

கொடுத்தேன். அம்பயர் அதைப் பக்குவமாகச் சட்டையின் மேல் பையில் வைத்தார்.

ஓடத் தொடங்கும் இடத்துக்கு நடந்த அந்தப் பத்து அடி தூரம் இன்னும் நினைவிருக்கிறது. பத்து வருடமாக என் பந்து இறங்கியது என் விரலாலா, அந்தத் தூளாலா? பிள்ளையாரே, உன் பெயரைச் சொல்லிக்கொண்டு களவாய் விளையாடினேனா?

மாற்றிய பந்தும் இறங்கியது. இரண்டு பந்து அடிபட்டது, மறைப்பதற்கில்லை. ஆனால் இறங்கியது. கடைசிப் பந்தில் அவர்களுக்கு மூன்று ஓட்டம் வேண்டியிருந்தபோது ஒருவன் ஓங்கி அடித்தான். பந்து உயரே போய்க் கப்டனின் கையில் விழுந்தது. வென்றோம். எல்லோரும் கத்தினார்கள். நான் புல்லில் குந்திவிட்டேன்.

இரண்டு கிழமை கழித்துக் கப்டன் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணை, உங்களை வைச்சிருக்கினம். ஆனால் தோத்தவங்கள் புகார் எழுதிப் போட்டிட்டாங்கள். இனி நெத்தியிலை, கையிலை ஒண்டும் இல்லாமல் வரட்டாம்."

அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்க முதலே "ஓம்" என்றேன். குசினியில் மனைவி பாத்திரம் கழுவும் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

அடுத்த கோடையில் ஒவ்வொரு ஞாயிறும் கோயிலிலிருந்து வந்து, கிளப் கட்டிடத்தின் பின் குழாயில் முகத்தையும் கையையும் கழுவினேன். குளிர்ந்த தண்ணீர். யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பேன். பிறகு எல்லைக்கோட்டருகே போய் நிற்பேன். புதிதாக வந்த பெடியன் நன்றாகத்தான் வீசினான். அவன் அடிவாங்கவில்லை. கப்டன் என் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டார். அதிலும் குற்றம் சொல்ல முடியாது.

ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினேன். எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்தபடி மனைவி கேட்டாள்.

"இண்டைக்குப் பந்து போட்டனீங்களோ?"

"இல்லை."

"போன கிழமை?"

"இல்லை."

"அப்ப என்னத்துக்கப்பா கழுவினனீங்கள்?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். அவள் எண்ணெயை எடுத்து வந்து தோளில் பூசினாள்.

அடுத்த ஞாயிறு விம்பிள்டனில் பூசை முடிந்ததும் பொதுத் தொலைபேசியில் கப்டனைக் கூப்பிட்டு, வரவில்லை என்றேன்.

"தோளோ அண்ணை?"

"ஓம், தோள்தான்," என்று சொல்லிவிட்டு அன்னதானத்துக்கு வரிசையில் போய் நின்றேன்.