நான் பாதியாகக் கேட்ட கேள்வி

போன வருடம் சில மாதங்கள் வீடு வீடாகப் போய் மனச்சோர்வைக் கணக்கெடுத்தேன். எந்தத் தொழில்காரர்களிடம் அது எவ்வளவு இருக்கிறது என்று ஒரு கல்லூரிக்குத் தெரிய வேண்டுமாம். ஒரு தாளில் ஒன்பது கேள்வி. கையில் குடை. வாயாடுவதில் எனக்குக் குறைவில்லை என்பதால் வேலை பிடித்திருந்தது.

கோட்டாற்றில் பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் முதல் கேள்வியிலேயே கையை வீசினார். "அதெல்லாம் கடப்புறத்துல போய்க் கேளு மக்கா. கடலுக்குப் போனவன் வருவானா மாட்டானான்னு இருக்கவங்களுக்குத்தான் அது வரும்." கடப்புறத்தில் மீனவர்களிடம் கேட்டால், "எங்களுக்கு அதுக்கு எங்க நேரம்? வெதச்சுட்டு வானத்தப் பாத்துட்டு இருக்காங்களே, அவங்களுக்கு உண்டு" என்றார்கள். வயல்காரர் படித்தவர்களைக் கைகாட்டினார். ஆக மாவட்டம் முழுக்க மனச்சோர்வு இருந்தது, எந்த வீட்டிலும் இல்லை.

சாயங்காலம் இதைக் கணவரிடம் சொல்லிச் சிரிப்பேன். வளைகுடாவில் பல வருடம் இருந்துவிட்டு அப்போதுதான் ஊரோடு வந்திருந்தார். காலையில் பதினொன்று வரை படுக்கை, சாப்பிட்டதும் மறுபடி படுக்கை. உழைத்த உடம்பு, கிடக்கட்டும் என்று கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்துவேன். பழகிப் பார்க்க முதல் தாளை அவரிடம்தான் நிரப்பினேன். ஒன்பதுக்கும் தொந்தரவு இல்லை என்று வந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

மூன்றாவது கேள்வி மட்டும் நீளம். அதை நான் அவரிடம் கேட்கும்போதே "ஒறக்கம் உண்டா?" என்று சுருக்கிவிட்டேன். எல்லோரும் உண்டு என்பார்கள். தொந்தரவு இல்லை என்பதில் டிக் அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டுவேன்.

தேங்காய்ப்பட்டணத்தில் மீன் விற்றுத் திரும்பிய ஒரு அக்காவிடமும் அப்படியே கேட்டேன்.

"அது மட்டுந்தான் உண்டு மோளே. வந்து படுத்தா எழும்பத் தோணாது. பிள்ளைய விளிச்சாலும் கேக்காத மாதிரி கெடப்பேன்" என்று சிரித்தார்.

டிக் அடித்த பிறகு என்னவோ உறுத்தியது. கேள்வியை முழுதாக வாசித்தேன்: "உறக்கம் வராமல் இருப்பது, அல்லது அளவுக்கு மீறி உறங்குவது." அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"இதயும் கேப்பியா?" என்றார்.

டிக்கைக் கோடிட்டுத் திருத்தினேன். பெரிய ஆஸ்பத்திரியில் யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு துண்டுத்தாளில் தெளிவாக எழுதிக் கொடுத்தேன். இதுவரை போன வீடுகளுக்கெல்லாம் மறுபடி போக வேண்டும் என்பது அப்புறம்தான் உறைத்தது. முதலில் நினைவுக்கு வந்தது முதல் தாள். கிடைத்த பஸ்ஸில் ஏறினேன்.

மதியம் இரண்டு மணி. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கட்டிலில் உட்கார்ந்து மூன்றாவது கேள்வியை ஒரு சொல் விடாமல் வாசித்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

அவர் உறங்கிக்கொண்டிருக்கவில்லை.

"அன்னைக்கு நீ இதக் கேக்கலியே ஏட்டி" என்றார், திரும்பாமலே. அப்புறம், "மிச்சத்தையும் வாசி" என்றார்.