இரண்டாவது எண்

செய்தி வந்தபோது பிற்பகல் மூன்று மணி. அறுவை சிகிச்சைக் கூடத்திலிருந்து வெளியே வந்த மருத்துவர் முகக்கவசத்தைக் கழற்றாமலே பேசினார். அவர் சொன்னதில் முதல் வாக்கியம் மட்டும்தான் தங்கையின் காதில் விழுந்தது. இரண்டாவது வாக்கியத்தின் நடுவில், அவள் மடியிலிருந்த அக்காவின் கைபேசி அதிர்ந்தது.

திரையில் ஒரே ஒரு வரி: ‘ஓட்டுநர் செய்தி விழுந்தது. மீண்டும் எழுந்தது.’

மருத்துவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். தங்கை அழவில்லை. அக்காவின் மேலாளரைக் கூப்பிட்டாள்.

“சார், அக்கா போயிட்டா.”

“அடக் கடவுளே. எப்பம்மா?”

“இப்பதான். அவ போனுக்கு உங்க சர்வர்லேருந்து மெசேஜ் வந்திருக்கு. யாரு பாக்கப் போறீங்க?”

“இந்த நேரத்துல அதெல்லாம் எதுக்கும்மா உனக்கு?”

“இந்த நேரத்துல யாரோ ஒருத்தர் ஆம்புலன்ஸுக்குக் காத்துக்கிட்டிருப்பாங்க சார்.”

அக்கா வேலை பார்த்தது ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில். யாராவது கூப்பிட்டால் முகவரியைத் தட்டச்சு செய்வார்கள். அது பக்கத்திலிருக்கும் வண்டியின் ஓட்டுநருக்குப் போய்ச் சேரும். இதற்கிடையில் சர்வரில் நாலைந்து நிரல்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும். ப்ராசஸ் என்பார்கள். ஒன்று அழைப்பை வாங்கும், ஒன்று வண்டியைத் தேடும், ஒன்று ஓட்டுநருக்குச் செய்தி அனுப்பும். கடைசியாகச் சொன்ன அந்த ‘ஓட்டுநர் செய்தி’க்குத்தான் கோளாறு. நினைவகத்தைத் தின்று தின்று வீங்கி, பொத்தென்று விழும். காவலுக்கு இருக்கும் இன்னொரு நிரல் உடனே அதைத் தூக்கி நிறுத்திவிடும். அதனால் எப்போது எட்டிப் பார்த்தாலும் ‘ஓடுகிறது’ என்றே இருக்கும். ஆனால் அது விழுந்து கிடந்த அந்தச் சில நொடிகளில் வந்த முகவரிகள் யாருக்கும் போயிருக்காது.

எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும் டாஷ்போர்டு ஒன்றைச் செய்யச் சொல்லித்தான் அக்காவை வேலைக்கு எடுத்தார்கள். மேலாளரின் ஆசை எளிமையானது. வரவேற்பறைச் சுவரில் பெரிய டிவி, அதில் எல்லாம் பச்சைப்பசேல் என்று இருக்க வேண்டும், வருகிறவர்கள் அசந்துபோக வேண்டும். அக்கா எல்லாம் செய்தாள். எது ஓடுகிறது, எவ்வளவு நினைவகம் பிடிக்கிறது, எத்தனை செய்தி போகிறது. கடைசியில் யாரும் கேட்காத ஒரு வரிசையைச் சேர்த்தாள்: எழுந்து எவ்வளவு நேரம் ஆகிறது. மற்றவற்றுக்கெல்லாம் நாள்கணக்கு, வாரக்கணக்கு. ஓட்டுநர் செய்திக்கு மட்டும் நிமிடக்கணக்கு. அந்தக் கட்டத்துக்குச் சிவப்பு பூசினாள்.

“அதான் எழுந்துடுதேம்மா, அப்புறம் என்ன?” என்றார் மேலாளர்.

“நீங்க பால் வாங்கிட்டு வரும்போது தடுக்கி விழறீங்கன்னு வைங்க சார். நீங்க எழுந்துடுவீங்க. பாலும் எழுந்து பாத்திரத்துக்குள்ள போயிடுமா?”

அன்றிலிருந்துதான் அலுவலகத்தில் அவளுக்குக் ‘கறார்’ என்று பெயர் வந்தது. முதலில் முதுகுக்குப் பின்னால். பிறகு முகத்துக்கு நேராகவே. அவளும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

ஒப்பந்தம் கொடுத்தவர்கள் பார்வையிட வருகிற நாளில் மேலாளர் குழைந்து வந்தார். “அந்த ஒரு வரிசையை மட்டும் இன்னைக்கு மறைச்சிடேன்.”

“மறைக்கச் சொல்றீங்கன்னு ஒரு மெயில் போடுங்க சார். அஞ்சு நிமிஷத்துல மறைச்சிடறேன்.”

மெயில் வரவில்லை. வந்தவர்கள் நேராகச் சிவப்பின் முன்னால் போய் நின்று இது என்ன என்றார்கள். மேலாளர் தொண்டையைச் செருமுவதற்குள் அக்கா சொல்லிவிட்டாள்: “அடிக்கடி விழுதுங்க. தவறிப்போற முகவரியை இப்போதைக்குக் கையால அனுப்பிட்டிருக்கோம். சரி பண்ணப் பணம் ஒதுக்கணும், சார்கிட்ட கேளுங்க.” ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். பணம் ஒதுக்கப்படவில்லை. மேலாளர் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை.

“ஒரு மாசம் நிம்மதிடி,” என்றாள் வீட்டுக்கு வந்து.

வீடு என்பது மூன்றாம் மாடியில் இரண்டு அறை. அக்காவும் தங்கையும் மட்டும். தங்கைக்கு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை. அக்காவுக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை. பள்ளியில் விளையாட்டு நேரத்தில் மரத்தடியில் உட்காரச் சொல்வார்கள். ஆசிரியர் தலை மறைந்ததும் ஓடுவாள். பிடிபட்டுத் திட்டு வாங்கும்போது, உட்காரத்தான் சொன்னீங்க, எவ்வளவு நேரம்னு சொல்லலையே என்பாள்.

கையால அனுப்பிட்டிருக்கோம் என்றாளே, அந்தக் கை அவளுடையது மட்டும்தான். செய்தி நிரல் விழுந்தால் அவள் கைபேசிக்கு எச்சரிக்கை வரும். மடிக்கணினியைத் திறந்து, போகாமல் நின்ற முகவரிகளைத் தேடி அனுப்புவாள். பேருந்துப் படியில், திரையரங்கில், ஒருமுறை தலையில் ஷாம்பு நுரையோடு.

“அந்த ப்ராசஸ் உன்னை இந்தப் பாடு படுத்துறானே, பேசாம அவனையே கட்டிக்கோ,” என்பாள் தங்கை.

“வேணாம்டி. பொழுதுக்கும் விழறான். ஒரு வீட்டுல ரெண்டு பேரு விழுந்தா யாரு தூக்குறது?”

தங்கை சிரித்தாள். ‘ரெண்டு பேரு’ என்றதை அப்போது அவள் கவனிக்கவில்லை.

எச்சரிக்கை போக வேண்டிய இடத்தில் இரண்டு எண்கள் கொடுக்கலாம். கொடுத்த எண்ணுக்கு ஒரு குறியீடு வரும், அதைப் படித்துச் சொன்னால்தான் அந்த எண் செல்லும். முதல் எண் அக்காவுடையது. இரண்டாவதில் தன் எண்ணைப் போடச் சொல்லி, அலுவலகத்தில் பக்கத்து இருக்கைப் பெண் கேட்டாள். தடிமனான கண்ணாடி போடுவதால் அவளுக்கு ‘கண்ணாடி’ என்றே பெயர்.

“உன் தூக்கம் எதுக்குக் கெடணும்?” என்று அக்கா மறுத்துவிட்டாள். “சரி பண்ணலாமா வேணாமான்னு முடிவெடுக்கிறவரு யாரோ அவரு தூக்கம் கெடட்டும். ரெண்டே வாரத்துல பணம் வந்துடும் பாரு.”

உங்கள் எண்ணைப் போடலாமா என்று கேட்டால், மேலாளரோ நாளைக்கு, நாளைக்கு என்றார்.

அக்காவை வழியனுப்பி வைத்த மறுநாள் கண்ணாடி வீட்டுக்கு வந்தாள். உட்கார்ந்ததும் சொன்னாள்: “ரெண்டு தடவை ஆபீஸ் படிக்கட்டுல மயங்கி விழுந்தாங்க. உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினாங்க. உடனே எழுந்துட்டேன்ல, அப்புறம் என்னன்னு கேட்டாங்க.”

தங்கை எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்தாள். “ஊருக்கெல்லாம் சிவப்பு பூசினா,” என்றாள், குழாயைப் பார்த்து. “திருட்டுக் கழுதை.”

அப்போது அக்காவின் கைபேசி அதிர்ந்தது. தங்கை ஈரக்கையோடு மேலாளரைக் கூப்பிட்டாள்.

அதுவே வழக்கமாயிற்று. எச்சரிக்கை வரும், அடுத்த நிமிடம் மேலாளருக்கு அழைப்பு போகும். அவர் அலறியடித்துக்கொண்டு கண்ணாடியைக் கூப்பிடுவார். கண்ணாடி முகவரிகளை அனுப்புவாள். மேலாளர் முடிதிருத்தும் நாற்காலியில் பாதி மழித்த கன்னத்தோடு இருந்தபோதும் தங்கை விடவில்லை.

“அம்மா, அந்த சிம்மை ஆஃப் பண்ணிடேன். உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி?”

“ஆஃப் பண்ண மாட்டேன் சார்.”

“நீ எங்க ஆபீஸ்ல வேலை பாக்கலையே.”

“அதனாலதான் சார் என்னை நீங்க ஒண்ணும் பண்ண முடியாது.”

ஒரு நாள் மருந்தகத்தில் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு அழைப்பு மையத்துக்கே போனாள். சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பச்சைகளின் நடுவே அந்தச் சிவப்பு அப்படியே இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை, எப்படித் தொடுவது என்று யாருக்கும் தெரியவுமில்லை. அக்காவின் கைபேசியை மேலாளரின் மேசைமேல், அவருடைய தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இதை இங்க விட்டுட்டுப் போக வரல. காட்டத்தான் வந்தேன். உங்க நம்பரைப் போடற வரைக்கும் இது என்கிட்டதான் இருக்கும். சார்ஜ் போட்டே வெச்சிருப்பேன்.”

“போட்டுடலாம்மா. இந்த வாரம் கொஞ்சம் நெருக்கடி.”

“அக்காவுக்கும் அதையேதான் சொன்னீங்க.”

அவர் கோப்பையை எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

கண்ணாடி தன் கணினியில் எச்சரிக்கை எண்கள் இருக்கும் பக்கத்தைத் திறந்து காட்டினாள். முதல் கட்டத்தில் அக்காவின் எண். இரண்டாவது கட்டம் காலியாக இருக்கும் என்றுதான் தங்கை நினைத்திருந்தாள். அதில் மேலாளரின் எண் இருந்தது. மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தின நாள் அக்காவே தட்டச்சு செய்து வைத்திருந்தாள். பக்கத்தில் சின்ன எழுத்தில்: உறுதி செய்யப்படவில்லை.

அந்த எண்ணுக்குப் போன நாலு இலக்கக் குறியீட்டை மேலாளர் இன்னும் படித்துச் சொல்லவில்லை.