மேலே ஏறாத கோடு

ஸ்டான்லி அதுவரை வாய்திறந்து சொல்லாத வார்த்தை ஒன்று உண்டு: மாலைக்கண். சோற்றுக்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு வருகிற நோய் என்று ஊரில் பேசுவார்கள். நெம்மேலிப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு அவனை வளர்த்த அம்மா சாராளுக்கு அந்தப் பேச்சே ஆகாது. "எம் புள்ள பட்டினியா கெடந்தான்?" என்று சண்டைக்குப் போவாள். வீட்டுக்குள் மட்டும் முருங்கைக்கீரையும் ஆட்டு ஈரலுமாகத் திணிப்பாள். பொழுது சாய்ந்து அவன் தடுக்கி விழுந்தால், பையன் பராக்குப் பார்க்கிறவன் என்று மழுப்பிவிடுவாள். இருட்டென்றால் எல்லோருக்கும் இப்படித்தான் போலிருக்கிறது என்று அவனும் நினைத்துக்கொண்டான்.

அப்படி வளர்ந்தவன், சிறுசேரி கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் கார் ஓட்டினான். விளக்கு எரிகிற ரோட்டில் சிரமமில்லை. எரியாத இடத்தில் முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே போவான். போன மாதம் கேளம்பாக்கம் தாண்டி முன்வண்டி சட்டென்று திரும்பிவிட்டது. குறுக்கே கிடந்த இரும்புத் தடுப்பில் மோதித்தான் கார் நின்றது. பின்சீட்டில் இருந்த கம்பெனிப் பெண் திவ்யாவுக்கு நெற்றியில் தையல். "அண்ணா, எனக்கே தூரத்துல தெரிஞ்சுதே. உங்களுக்குத் தெரியலையா?" என்றாள் அந்தப் பெண். அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

மனைவி அன்பரசிதான் பிடிவாதமாகக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். இருட்டறையில் உட்காரவைத்து, கீழிமையோரம் நூல்போன்ற கம்பியைப் பொருத்தி, பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடித்தார்கள். மறுநாள் டாக்டர் தமிழ்ச்செல்வி, கண்ணின் மின்துடிப்பைப் பதிந்த இரண்டு கோடுகளைத் திரையில் காட்டினார்.

"இது நல்லாத் தெரியறவங்க கண்ணு. வெளிச்சம் பட்டா விழித்திரையில முதல் வரிசை செல்லு வேலை செய்யும், கோடு கீழ இறங்கும். அது அடுத்த வரிசைக்குச் சேதி சொல்லும். அந்த வரிசை முழிச்சா பொட்டாசியம் வெளிய வரும். பக்கத்துல முல்லர்னு துணைச் செல்லுங்க இருக்கு. அதுங்க பொட்டாசியத்தை உறிஞ்சி வேற பக்கம் தள்ளிடும். இந்த ஓட்டமெல்லாம் சேர்ந்துதான் கோடு மேல ஏறுது. உங்களுக்கு இறங்குது. ஏறல."

"பொட்டாசியம்னா… பயிருக்குப் போடற பொட்டாஷா மேடம்?"

"அதுல இருக்கிறதுதான்."

அன்பரசி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எளநி, வாழப்பழத்துல எல்லாம் அது கீதுன்னு டிவில சொன்னாங்களே. தெனம் குடுத்துடறேன் மேடம்."

"பொட்டாசியம் கொறைச்சல் இல்லம்மா. துணைச் செல்லும் நல்லாத்தான் இருக்கு. ரெண்டாவது வரிசைக்குச் சேதியே போகல, அப்புறம் அதுங்களுக்கு என்ன வேலை? பிறவியிலயே இப்படித்தான். சாப்பாட்டால வந்ததில்ல, சாப்பாட்டால போகவும் போகாது. பகல் பார்வைக்குப் பயமில்ல. ராத்திரி வண்டி மட்டும் வேண்டாம். இனிமே வேண்டவே வேண்டாம்."

அம்மா பட்டினி போடவில்லை. கேட்டவன் மனம் குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. பட்டினி நோயாக இருந்திருந்தால் மருந்தாவது இருந்திருக்குமே என்றுதான் தோன்றியது.

வாசலுக்கு வருவதற்குள் போன் அடித்தது. கார் சொந்தக்காரர் கேசவன்.

"இன்னா ஸ்டான்லி, கண்ணாஸ்பத்திரில கண்ணாடி மாத்திட்டாங்களா? ஏழு மணிக்கு ட்ரிப்பு கீதுபா."

"பகல் வண்டி கேளு," என்று அன்பரசி கிசுகிசுத்தாள்.

"பகல்ல எதுனா குடேன் அண்ணாத்த."

"பகலுக்குக் கம்பெனிக்காரங்களே பஸ் உட்டுக்கினாங்க. நம்ம கையில கீறது ராத்திரி மட்டும்தான். இன்னா, மாப்பிள்ளைக்குத் தூக்கம் வருதா?"

கண்ணாடி மாற்றியாயிற்று என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலை நிற்கும். ஸ்டான்லியின் நாக்கு நுனிவரை அது வந்துவிட்டது. அன்பரசி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதைச் சொல்லச் சொல்கிறாள் என்று அவள் முகத்தில் தெரியவில்லை.

"எனக்கு மாலைக்கண்ணு அண்ணாத்த."

அந்தப் பக்கம் சிரிப்பு எழும்பி, பாதியில் நின்றது. "அந்தப் பொண்ணுக்குத் தையல் போட்டது… அதுக்கும் இதானா?"

"இதான்."

"இத்தினி நாளு நீ எப்படிடா ஓட்டிகினு இருந்த?"

ஸ்டான்லி பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்தான்.

"வண்டியக் கொண்டாந்து உட்டுடுபா," என்றார் கேசவன், அதட்டாமல்.

"இப்பவே கொண்டாறேன். வெளிச்சம் போறதுக்குள்ள."