புண்ணாக்கு ஏற்றிய கார்

வெயிலில் காய்ந்த தேங்காய்ப் புண்ணாக்கின் வாடை வந்தால் எல்லோருக்கும் மாடு நினைவுக்கு வரும். எனக்கு வருவது என் பழைய காரின் பின்புறம்.

அது அப்படி ஆடும். முன்சக்கரம் துடியலூரைத் தாண்டிய பிறகும், தாண்டலாமா வேண்டாமா என்று பின்சக்கரம் யோசித்துக்கொண்டிருக்கும். வலப்பக்க வளைவில் வால் இடப்பக்கமாக வீசும். வீசுவதற்கு முன்பே ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் இடப்பக்கம் ஒடித்துச் சரிக்கட்டிவிடுவேன். எங்கள் இருவருக்கும் நடுவே அப்படியொரு நடனம். பின்சீட்டிலிருந்த மனைவிக்குப் பல்லடம் வரும்போதே குமட்டிவிடும்.

"இன்னொருக்கா கொமட்டுச்சுன்னா இத வித்துப்போடோணுமுங்க. இல்லீன்னா என்னைய எங்கம்மா ஊட்டுல உட்டுப்போடுங்க."

பதில் சொல்ல எனக்கு ஒரு நொடி தாமதமாயிற்று. அந்த நொடியை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

உக்கடத்தில் எங்கள் மெக்கானிக் பாய் டிக்கியைத் திறந்தார். உள்ளே காங்கேயத்து எண்ணெய் ஆலையின் புண்ணாக்கு மூட்டைகள்.

"ஏனுங்ணா, இது காரா, கட்டுத்தறியா? எவன் சொல்லி மூட்டையப் போட்டீங்க?"

"நீங்கதான் பாய். பின்னால கனம் இருந்தா குதிக்காதுன்னு சொன்னீங்க."

"அப்ப அந்த நேரத்துக்குச் சரியாத்தான் சொல்லியிருப்பேன்."

அந்தக் கனத்தில் ஸ்பிரிங் பட்டைகள் வளைவு போய்த் தட்டையாகியிருந்தன. அவற்றைக் கழற்றி மறுபடி வளைவு ஏற்றினார். வெடித்த ரப்பர் புஷ்களை மாற்றினார்; எண்ணெய் கக்கிக்கொண்டிருந்த ஷாக் அப்சார்பர்களைத் தூக்கிப் போட்டுப் புதிது பூட்டினார். மூட்டைகள் இறங்கின. மூட்டுவலி போன மாமனார் மாதிரி கார் நிமிர்ந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காங்கேயத்து மாமியார் வீட்டுக்குக் கிளம்பினோம். பல்லடம் வந்தது, போனது. பின்சீட்டில் மனைவி முறுக்குத் தின்றாள். காரைத் திருப்பினால் திருப்பிய அளவுக்குத் திரும்பியது. வால் தலைக்குப் பின்னாலேயே வந்தது. சிக்கலே அதுதான். ஒரு வலப்பக்க வளைவில், வராத ஆட்டத்துக்கு என் கை வழக்கம்போல் இடப்பக்கம் ஒடித்தது. கார் சொன்னபடி கேட்டு, நேராகச் சோளக்காட்டுக்குள் இறங்கியது.

"ஏனுங், ரோடு அந்தப் பக்கமுங்."

"கை பழகிப்போச்சு."

"எறங்குங்க. சாவியக் குடுங்க."

லைசென்ஸ் இருந்தும் இந்தக் காரை அவள் தொட்டதே இல்லை. அதனால் மறக்க வேண்டியதும் அவளுக்கு எதுவும் இல்லை. காங்கேயம் வரை ஒரு வளைவும் வளைவாகவே தெரியவில்லை. நான் பின்சீட்டில் மிச்ச முறுக்கோடு வந்தேன்.

மறுநாள் எனக்கு வேலை. அவள் அம்மாவோடு ஒரு வாரம் இருக்கப்போகிறாள். அன்று சாயங்காலமே பஸ் ஸ்டாண்டு வாசலில் என்னை இறக்கிவிட்டாள்.

"அப்ப, காரை விக்கறதா?" என்றேன்.

"எதுக்குங் விக்கறது? நானே ஓட்டிக்கறேன். கொமட்டறதே இல்லீங்களே."

பஸ் உறுமியது. ஏறினேன். அவள் கண்ணாடியை இறக்கிக் கத்தினாள்:

"ஏனுங்! கை பழகுன ஆளு நீங்க, டிரைவர் பக்கத்துல மட்டும் உக்காந்துபோடாதீங்க!"