பின்கதவு ஊர்க்காரி

எங்கள் கரையில் மூன்று ஊர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. பஸ்ஸில் ஏறி ஒரு குட்டித் தூக்கம் போடுவதற்குள் மூன்றும் தாண்டிவிடும். ஆனால் ஒன்றுக்கொன்று ஏழாம் பொருத்தம்.

எங்களுடையது உப்பள ஊர். கடல்காற்று முன்கதவின் கீலை அரித்துத் தின்றுவிடும் என்று பாட்டன் காலத்திலேயே முன்கதவுகளைச் சாத்தி ஆணி அடித்துவிட்டார்கள். உப்புப் பாத்தியிலிருந்து சேற்றுக்காலோடு வருகிறவர்கள் கொல்லைத் தொட்டியில் கால் கழுவி, பின்பக்கமாகவே உள்ளே நுழைவார்கள். இங்கே யாரும் கதவைத் தட்டுவதில்லை. தள்ளுவோம், திறந்தால் போவோம். தாழ்ப்பாள் போட்டிருந்தால், உள்ளே இருப்பவருக்கு மனுஷ முகம் பார்க்கப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். ஏன் என்று கேட்கவும் மாட்டோம், பேசாமல் திரும்பிவிடுவோம்.

துறைமுக ஊர் வேறு ரகம். கப்பல் வரத் தொடங்கிய நாளிலிருந்து ஊர் பேர் தெரியாதவனெல்லாம் சந்துபொந்துகளில் திரிந்த இடம் அது. பட்டப்பகலிலும் பின்கதவுக்குத் தாழ்ப்பாள்தான். வருகிறவர் முன்னால் வந்து தட்டி, யார் என்று சொல்லி, காத்திருக்க வேண்டும். புதிதாகக் குடிவந்தவரை அக்கம்பக்கத்தார்தான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரு சட்டம் வேறு. மூன்றாவது, மணல்மேட்டை வழித்துவிட்டு எழுப்பிய அடுக்குமாடி ஊர். சொந்த ஊர் அதுதான் என்று சொல்ல அங்கே ஓர் ஆள் கிடையாது. அதைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமையும் கிடையாது.

துறைமுகத்தம்மா எங்கள் ஊரில்தான் பிறந்தார். கிரேன் ஓட்டுகிற ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு அந்த ஊருக்குப் போனார். அங்கே கடைசிவரை அவருக்கு 'உப்புக்காரி' என்றுதான் பெயர். புருஷன் செத்த அன்றுகூட, "உப்புக்காரி கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரல பாத்தியா" என்று பேசினார்களாம். பிள்ளை குட்டி இல்லை. நம் ஜனங்களோடு போய் இருப்போம் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு, என் வீட்டுக்கு அடுத்ததாகப் பூட்டிக் கிடந்த பெற்றோர் வீட்டுக்கு வந்தார். வந்ததும் எங்கள் ஊர் அவருக்கு வைத்த பெயர்தான் துறைமுகத்தம்மா. நாங்கள் மட்டும் என்ன, யோக்கியமா?

அவர் செய்த முதல் வேலை, தச்சரைக் கூப்பிட்டு முன்கதவின் ஆணிகளைப் பிடுங்கிப் புதுக் கீல் போட்டது. பிறகு தினமும் மத்தியானம் புடவை மாற்றிக்கொண்டு, முன்கதவைப் பார்த்தபடி நாற்காலியில் உட்காருவார். எதிரே இன்னொரு நாற்காலி காலியாக இருக்கும். தையல் மிஷினில் உட்கார்ந்தபடி ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். துறைமுகத்துத் திமிர் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் என் வீட்டு முன்பக்கம் தட்டும் சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் முன்னால் வந்து தட்டுகிறவன் ஜப்திக்காரன் ஒருவன்தான். எட்டிப் பார்த்தால் துறைமுகத்தம்மா, கையில் ஒரு ரவிக்கையோடு நிற்கிறார்.

"பின்னால சுத்தி வாங்க பெரியம்மா."

வந்தார். ரவிக்கையைக் கொஞ்சம் பிடித்துத் தைக்கச் சொன்னார். நான் அளவெடுக்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "வீட்டை வித்துடலாம்னு இருக்கேன். வந்ததுலேருந்து ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. கூடப் பொறந்த அக்கா அடுத்த தெருவுல இருக்கா. வந்தவளைப் பாக்க அவதானே வரணும்? அவளே வேண்டாம்னு விட்டுட்டா, நான் யாருக்காக இங்க இருக்கணும்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நல்லா இருக்கே. உங்கக்கா மூணு தடவை வந்தாங்க. முட்டிவலியோட. பின்கதவுல நீங்கதான் தாழ்ப்பாள் போட்டு வெச்சிருந்தீங்க."

"அது எப்பவும் போடறதுதானேம்மா..." என்றவர் பாதியில் நிறுத்தினார். குண்டூசி குத்திக்கொண்டிருந்த என் கையைத் தட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஐயோ. நான் இந்தக் கொல்லையில பொறந்து வளர்ந்தவ. எனக்கு எப்படி மறந்துச்சு?"

மீதியையும் சொல்ல வேண்டியிருந்தது. அக்கா இப்போது அடுத்த தெருவில் இல்லை. 'அவளுக்கு நான் வேண்டாம்போல, விடு' என்று என்னிடம் சொல்லிவிட்டு, மகனோடு அடுக்குமாடி ஊருக்குப் போய்விட்டார். விலாசம் என்னிடம் இருந்தது.

மறுநாள் காலை பஸ்ஸில் நானும் துணைக்குப் போனேன். இரண்டாவது மாடி. மணியை அடித்தோம்.

"யாரு?"

"நான்தான்க்கா."

உள்ளே காலை இழுத்து இழுத்து நடந்துவரும் ஓசை. "சாவி இல்லடி. வெளியே பூட்டிட்டு வேலைக்குப் போயிருக்காங்க. வழி தெரியாம எங்கயாவது போயிடுவேனாம். சாயங்காலம்தான் வருவாங்க."

துறைமுகத்தம்மா கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டார். "உன்னை வேண்டாம்னு போடலக்கா. சத்தியமா. அந்த ஊர்ப் பழக்கம், கை தானாப் போட்டுடுது."

"நான் உன்னை என்னெல்லாம் திட்டினேன் தெரியுமா? சாப்பிடும்போதுகூடத் திட்டினேன்." சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. இந்தப் பக்கம் இருந்தவர் அழுதார், வாய்விட்டு. புருஷன் சாவுக்கு அழாதவர்.

எதிர் வீட்டுக்காரி கதவைக் கொஞ்சம் திறந்து, எங்களைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

நல்ல புடவையோடு வெறும் தரையில், கதவில் முதுகு சாய்த்து அவர் உட்கார்ந்தார். உள்ளேயும் யாரோ மெல்லச் சரிந்து உட்காரும் சத்தம் கேட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன். நீ போ என்று கையைக் காட்டினார். பிறகு இருவரும் பேசவில்லை. பேச அவ்வளவு இருந்தும், ஏனோ பேசவில்லை.

நான் படி இறங்கும்போது உள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது. "போயிட்டியா?"

"இல்லக்கா. இங்கதான் இருக்கேன்."

அடுத்த மாடிப்படி திரும்புவதற்குள் அக்கா மறுபடியும் அதையே கேட்டார்.